மணல்வாரி அம்மை: தடிப்புக்கு முன்னும் பின்னும்

கேள்வி: எங்கள் மூத்த மகனுக்கு நான்கு வயது. சென்ற புதன்கிழமை காய்ச்சல் தொடங்கியது. மூக்கு ஒழுகியது, வறட்டு இருமல் இருந்தது, கண் சிவந்து நீர் வடிந்தது. அருகிலுள்ள மருத்துவர் சளிக்காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். ஞாயிறு காலை காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் மணல் தூவியதுபோல் தடிப்பு கண்டது. இன்று செவ்வாய்க்குள் வயிறு வரை இறங்கிவிட்டது. என் மாமியார் பார்த்தவுடனே இது மணல்வாரி என்றார். வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, இனி மருந்து மாத்திரை கூடாது, தாளித்த உணவு கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஒன்பதாம் மாதத்தில் இவனுக்குத் தட்டம்மை ஊசி போட்டிருக்கிறோம். ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசி, அப்போது சளி இருந்ததால் தள்ளிப்போய், பிறகு விட்டுப்போயிற்று. ஊசி போட்ட பிள்ளைக்கு இது எப்படி வந்தது? வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறாள். வெள்ளிக்கிழமை என் நாத்தனார் வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போனார். அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் மின்னஞ்சலில் வந்த செவ்வாய் இரவே, இது அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அன்று என்பதால், மூன்று செய்திகளை மட்டும் சுருக்கமாக எழுதி அனுப்பினேன்: கைக்குழந்தையை அன்றிரவே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், மகனையும் உடன் அழைத்துச் சென்று அவனுக்கு வைட்டமின் ஏ கேளுங்கள், நாத்தனாரை உடனே தம் மகப்பேறு மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். மருத்துவமனை வாசலிலேயே "அம்மை" என்று சொல்லிவிடுங்கள், பொதுக் காத்திருப்புக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். மூன்றையும் செய்துவிட்டதாக நீங்கள் மறுமொழி எழுதியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவற்றை ஏன் சொன்னேன் என்பதையும், இனி வரும் வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியாரைப் பற்றி. அவர் நோயைச் சரியாகவே இனங்கண்டார். புத்தகத்தில் எழுதியிருக்கும் வரிசை அப்படியே உங்கள் கடிதத்தில் இருக்கிறது: மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், அதனோடு இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு, பிறகு காதின் பின்புறமும் முடியோரமும் தொடங்கி, முகம், கழுத்து, மார்பு, வயிறு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும் தடிப்பு. நம் பிள்ளைகளின் நிறத்தில் அது எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை. தடவிப் பார்த்தால் மணல் படிந்த தோல்போல நெருநெருவென்று இருக்கும். மணல்வாரி என்ற பெயர் கண்ணால் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை, கையால் தடவிப் பார்த்து வைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நீர் கோத்த கொப்புளங்களாக, ஒரே நேரத்தில் புதியதும் பழையதுமாக உடம்பெங்கும் வருவது சின்னம்மை. அது வேறு வைரஸ், வேறு நோய். இலங்கைத் தமிழர்கள் மணல்வாரியைச் சின்னமுத்து என்பார்கள் என்பதால், அங்கேயுள்ள உறவினரோடு தொலைபேசியில் பேசும்போது இரண்டு பெயரும் குழம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு அட்டைகளில் நீங்கள் காணும் "தட்டம்மை" இந்த மணல்வாரிதான்.

சளிக்காய்ச்சல் என்று மருந்து கொடுத்த மருத்துவர்மீது உங்களுக்குச் சற்று வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடிப்பு தோன்றும்வரை இந்த நோய் சளிக்காய்ச்சலின் வேடத்தில்தான் இருக்கும். அந்த நாள்களில் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த தளத்தில் உப்புக்கல் போன்ற சிறு வெண்புள்ளிகள். 1896-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி காப்ளிக் விவரித்ததால் அவர் பெயரால் அவை அறியப்படுகின்றன. ஓரிரு நாள் இருந்து மறைந்துவிடும். அழுது திமிறும் நான்கு வயதுப் பிள்ளையின் வாயை விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும். மணல்வாரி அரிதாகிவிட்ட காரணத்தால் இளைய மருத்துவர்களில் பலர் அந்தப் புள்ளிகளை நேரில் கண்டதே இல்லை. தடிப்பு வந்த பிறகு நீங்கள் மீண்டும் அவரிடம் செல்லவில்லை என்பதைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவர், தடிப்பு கண்டால் வேப்பிலை என்று பொறுப்பு கைமாறிவிடுகிறது. மருத்துவம் மிகத் தேவைப்படும் வேளையில் மருத்துவரின் கண் பிள்ளைமீது இருப்பதில்லை.

மணல்வாரியில் தடிப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் நாம் அதையே நோய் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் தடிப்பினால் பிள்ளைக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் விழித்தெழுந்து வைரஸ் புகுந்த தோலின் நுண்குழாய்களைத் தாக்கும்போது எழும் அடையாளம் அது. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய பிள்ளைகளுக்குத் தடிப்பே வராமல் போவதும் உண்டு, அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். இந்த நோயின் பரவல் தடிப்புக்கு முந்திய நாள்களில் நடந்துவிடுகிறது. இதன் ஆபத்து பெரும்பாலும் தடிப்பு இறங்கத் தொடங்கிய பிறகே வருகிறது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இந்த நாள்கணக்கில்தான் இருக்கிறது.

வைரஸ் மூச்சுக்குழாய்க்குள் புகுந்ததும் முதலில் பற்றிக்கொள்வது, நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களையே. அவற்றின்மீதே ஏறி உடல் முழுவதும் பயணம் செய்து, கடைசியில் மூச்சுப்பாதையின் உட்சுவருக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து இருமலிலும் மூச்சிலும் வெளியேறுகிறது. தொற்றிய நாளிலிருந்து காய்ச்சல் வர ஏறக்குறைய பத்து நாள், தடிப்பு வர ஏறக்குறைய இரண்டு வாரம். சிலருக்கு ஏழு நாளிலும், சிலருக்கு இருபத்தொரு நாளிலும் வரக்கூடும்.

இந்தக் கணக்கை முதன்முதலில் துல்லியமாகப் போட்டவர் பீட்டர் பானம் என்ற டென்மார்க்கின் இளம் மருத்துவர். 1846-இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் மணல்வாரி பரவியபோது, சுமார் 7,800 மக்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். தீவுக்குத் தீவு, ஊருக்கு ஊர் கடல் பிரித்திருந்ததால், எந்தப் படகு எந்த நாளில் எந்த ஊருக்குப் போயிற்று, அங்கே முதல் தடிப்பு என்று கண்டது என்பதை அவரால் வீடுவீடாக விசாரித்து எழுத முடிந்தது. பதின்மூன்று, பதினான்கு நாள் இடைவெளி திரும்பத் திரும்ப வந்தது. அதைவிட வியப்பான மற்றொன்றையும் அவர் கண்டார்: 1781-இல் வந்த மணல்வாரியில் பிழைத்த முதியவர்கள், அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த நோய் தம் வீட்டுக்குள்ளேயே இருந்தும், ஒருவர்கூடப் படுக்கவில்லை. ஒருமுறை வந்தால் வாழ்நாளுக்கும் வராது என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நோயாளி பிறருக்குத் தொற்றைக் கொடுக்கும் காலம், தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிலிருந்து தோன்றிய பின் நான்கு நாள் வரை. உங்கள் மகனுக்கு ஞாயிறன்று தடிப்பு கண்டது. ஆகவே புதன்கிழமையிலிருந்தே, அதாவது வெறும் சளிக்காய்ச்சல் என்று நீங்கள் நினைத்துத் தங்கையோடு ஒரே பாயில் படுக்கவைத்த அந்த நாளிலிருந்தே, அவன் வைரஸைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தான். வாசலில் வேப்பிலை ஏறியது ஞாயிற்றுக்கிழமை. அம்மை கண்ட வீட்டுக்கு வெளியார் வரக்கூடாது, அந்த வீட்டார் பிற வீட்டு விசேஷங்களுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நான் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். நோய் பரவும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் ஏற்படுத்திய தனிமைப்படுத்தல் அது, அறிவிப்புப் பலகைக்குப் பதில் வேப்பிலைக் கொத்து. ஆனால் மணல்வாரியில் அந்தக் கதவு நான்கு நாள் தாமதமாக அடைக்கப்படுகிறது. உங்கள் நாத்தனார் வந்தது வெள்ளிக்கிழமை. அன்று வாசலில் எந்த அடையாளமும் இல்லை.

தொற்றுநோய்களுக்குள்ளே இதன் வேகத்துக்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை நோயைப் பெறுவார்கள் என்பது வழக்கமான கணக்கு. ஒரே வீட்டில் இருக்கும் எதிர்ப்பாற்றலற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்துவிடும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரைகூட வைரஸ் தங்கியிருக்கும்; அதனால்தான் காத்திருப்புக் கூடத்தைத் தவிர்க்கச் சொன்னேன். வீட்டில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அம்மை கண்ட பிள்ளையை இருட்டறையில் கதவடைத்துப் படுக்கவைக்கும் வழக்கத்தில் ஒரு பாதி சரி, வெளிச்சம் அவன் கண்ணைக் கூசச் செய்யும். மறுபாதியான காற்றடைப்பு வேண்டாம்.

இனி கைக்குழந்தை. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் முதல் சில மாதங்கள் குழந்தையைக் காக்கும், பிறகு மெல்லக் குறையும். நோய் வந்து பிழைத்த தாயின் குழந்தைக்கு அது சற்றுக் கூடுதலாகவும், ஊசியால் மட்டும் எதிர்ப்பாற்றல் பெற்ற தாயின் குழந்தைக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். எட்டு மாதத்தில் அந்தக் காப்பு ஏறக்குறையக் கரைந்திருக்கும், தடுப்பூசிக்கோ இன்னும் நாள் வரவில்லை. ஆபத்தான இடைவெளி இது. தொற்றுக்கு ஆளான 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் அப்படிப் போடலாம். உங்கள் மகளுக்கு அந்தக் கெடு சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஆறு நாளுக்குள் என்றால் இம்யூனோகுளோபுலின் என்னும், பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் ஊசி ஒரு வழி. புதனிலிருந்து எண்ணினால் செவ்வாய் ஆறாம் நாள். அதனால்தான் "அன்றிரவே" என்று அழுத்தி எழுதினேன்.

அந்த ஊசி போடப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நோய் வராமலே போகலாம், அல்லது வந்தாலும் லேசாக வரலாம், அல்லது வழக்கத்தைவிடத் தாமதமாக வரலாம். ஆகவே இருபத்தொரு நாளோடு நிறுத்தாமல் இருபத்தெட்டு நாள் வரை அவளைக் கவனியுங்கள். அந்த நாள்களில் வேறு கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு அவளைத் தூக்கிச் செல்ல வேண்டாம். தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள். இன்னொன்று: வெளியிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி வேலை செய்யாது என்பதால், ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பொதுவாக ஆறு மாதம் தள்ளிப் போடுவார்கள். எந்தத் தேதியில் போடவேண்டும் என்பதை ஊசி போட்ட மருத்துவரிடமே கேட்டுத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டுவந்தால் அண்ணனுக்கு நேர்ந்ததுபோல இதுவும் விட்டுப்போகும்.

நாத்தனாருக்கு விதி சற்று வேறு. இது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. அவருக்குச் சிறுவயதில் நோய் வந்ததா, இரண்டு தவணை ஊசி போடப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தட்டம்மை ஊசி பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985 முதல் இருந்தாலும், இரண்டாம் தவணை 2010-க்குப் பிறகே வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் தொடங்கிய பெருமுகாம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கானது. இன்று இருபத்தைந்து வயதை ஒட்டியவர்களில் பலர் இரண்டுக்கும் இடையே நழுவியவர்கள். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் அதே ஆறு நாள் கெடுவுக்குள் இம்யூனோகுளோபுலின். கர்ப்பிணிக்கு மணல்வாரி வந்தால் நிமோனியாவும் குறைப்பிரசவமும் நேரலாம். ஆனால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று உங்கள் வீட்டில் யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருப்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. கருவிலுள்ள குழந்தையின் இதயத்தையும் கண்ணையும் காதையும் தாக்குவது ரூபெல்லா என்னும் வேறொரு வைரஸ் நோய். இரண்டும் ஒரே ஊசியில் இருப்பதால் மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"ஊசி போட்டும் ஏன் வந்தது?" என்ற கேள்விக்கு வருகிறேன். ஒன்பதாம் மாத ஊசி நூறு குழந்தைகளில் ஏறக்குறைய எண்பத்தைந்து பேருக்குத்தான் எதிர்ப்பாற்றலைத் தருகிறது. மீதிப் பேருக்குத் தாயின் எதிர்ப்பொருள் கொஞ்சம் மிச்சமிருந்து ஊசியின் வைரஸை முளைக்கவிடாமல் செய்திருக்கலாம், அல்லது குழந்தையின் உடல் இன்னும் பக்குவப்படாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு வயது நிறைந்த பிறகே போடக்கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம், நோய் அரிதான நாடுகளில் அப்படித்தான் போடுகிறார்கள். நோய் இன்னும் உலவும் நம் ஊரில், காத்திருக்கும் அந்த மாதங்களில் பல குழந்தைகளை இழக்க நேரும் என்பதால், குறைந்த பலனை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாம் முறை போடுகிறோம். இரண்டாம் தவணையைப் பலர் முதல் ஊசிக்கு வலுவூட்டும் "பூஸ்டர்" என்று எண்ணி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மணல்வாரியில் அது முதல் ஊசி பிடிக்காத பிள்ளைகளுக்கான மறுவாய்ப்பு. எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறோம். இரண்டும் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் காக்கப்படுகிறார்கள்.

உங்கள் மகன் அந்தப் பதினைந்து பேரில் ஒருவனாக இருந்திருக்கிறான். சாதாரணச் சளியோ லேசான காய்ச்சலோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல. இதை அடுத்த முறை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இப்போது நோயே வந்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்றும் விட்டுவிட வேண்டாம். மணல்வாரிக்கு இனி வேண்டாம் என்றாலும் ரூபெல்லாவுக்கு வேண்டும். விட்டுப்போன தவணையை ஐந்து வயது நிறையும்வரை அரசு மையங்களில் போட்டுக்கொள்ளலாம். உடல் நன்றாகத் தேறியபின், உங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடும் புதன்கிழமை ஒன்றில் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, வீட்டுப் பராமரிப்பு. வைரஸைக் கொல்லும் மருந்து இந்த நோய்க்கு இல்லை. ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. காதில் சீழோ நுரையீரலில் பாக்டீரியாத் தொற்றோ சேர்ந்துகொண்டால்தான் அதற்கு வேலை. "மருந்து கூடாது" என்ற உங்கள் மாமியாரின் சொல்லில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுப்பதும், வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும் அம்மையை "உள்ளே தள்ளிவிடாது". ஆஸ்பிரின் மட்டும் கூடாது.

வைட்டமின் ஏ-யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மணல்வாரி வைரஸ் உடலின் வைட்டமின் ஏ இருப்பைச் சில நாள்களில் காலிசெய்துவிடும். கண்ணின் கருவிழியையும் மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்சுவரையும் சீராக வைத்திருப்பது அந்த ஊட்டச்சத்து. அது தீர்ந்த நேரத்தில்தான் கருவிழி மென்மையாகிப் புண்ணாகிறது. தடுப்பூசி பரவுமுன் ஏழை நாடுகளில் பார்வை இழந்த பிள்ளைகளில் பெரும்பங்கு மணல்வாரியால் இழந்தவர்களே. ஆகவே மணல்வாரி கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்பு எப்போது வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்திருந்தாலும், அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி: ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு 50,000 அலகு, ஓராண்டுக்குட்பட்டவர்களுக்கு 1,00,000 அலகு, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 2,00,000 அலகு. கண்ணில் குறை தெரிந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் மூன்றாம் தவணை. மிகுந்தால் நஞ்சாகும் என்பதால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்ணை ஆறவைத்த வெந்நீரில் நனைத்த தூய துணியால் துடைப்பது போதும். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடவேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் மாமியாரிடம் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள்.

உணவுக் கட்டுப்பாட்டில் நான் சமரசத்துக்குத் தயார். தாளிக்கக் கூடாது என்றால் தாளிக்காமலே கொடுங்கள்; கடுகு இல்லாததால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. இளநீர், மோர், நுங்கு எல்லாம் நல்லவை, வாய்ப்புண்ணுக்கும் இதமானவை. ஆனால் அவற்றை மட்டுமே கொடுத்து ஒரு வாரம் பட்டினி போடுவது நோயைவிடக் கெடுதல். அம்மன் வீட்டில் இருக்கும்போது முட்டையும் மீனும் கூடாது என்பது உங்கள் வழக்கமானால், குழையவைத்த பருப்புச்சோற்றில் நெய் விட்டும், தயிர்சாதமாகவும், பால், வாழைப்பழம், பப்பாளி, வேகவைத்து மசித்த முருங்கைக்கீரை என்றும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். தேறியபின் ஒருமாதமாவது வழக்கத்தைவிட ஒருவேளை கூடுதலாக ஊட்டுங்கள். வேப்பிலையைப் படுக்கையில் பரப்புவதில் எனக்கு மறுப்பில்லை. தினமும் ஈரத்துணியால் உடல் துடைப்பதற்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ வைக்காமல் ஏழாம் நாளில் வைத்துக்கொண்டால், அதற்கு வரும் உறவினர்களுக்குத் தொற்றும் காலமும் முடிந்திருக்கும்.

தடிப்பு வந்த மூன்று நான்கு நாளில் காய்ச்சல் தணிய வேண்டும். தணியாமல் நீடித்தாலோ, தணிந்து மீண்டும் ஏறினாலோ அதைத்தான் நான் மிகக் கவனமாகப் பார்ப்பேன், ஏனெனில் வைரஸ் ஓய்ந்த இடத்தில் பாக்டீரியா குடியேறியதன் அடையாளம் அது. இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. மணல்வாரியில் உயிரிழக்கும் சிறு பிள்ளைகளில் பெரும்பாலோர் அதனால்தான் இழக்கிறார்கள். பிள்ளை அமைதியாக உறங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: மகனுக்கு நாற்பதும், ஒரு வயது நிறையாத மகளுக்கு ஐம்பதும் எட்டினால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, தண்ணீர்கூட இறங்காத வாந்தி, கருவிழியில் மங்கல் அல்லது வெண்மை, நெஞ்சிலிருந்து கரகரவென்று வரும் மூச்சு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் அன்றே போக வேண்டும் என்பதில்லை, மறுநாள் காட்டலாம். மூளையழற்சி ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. பல ஆண்டுகள் கழித்து மூளையை மெல்லச் சிதைக்கும் மற்றொரு பின்விளைவும் உண்டு. அது மிக அரிது, இரண்டு வயதுக்குள் நோய் கண்டவர்களுக்கே வாய்ப்பு அதிகம். கைக்குழந்தையைக் காப்பதில் நான் இவ்வளவு அவசரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தடிப்பு மங்கிப் பழுப்பு நிறமாகி, தவிடுபோல் தோல் உதிரும். அப்போது வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். ஆனால் வைரஸ் தான் புகுந்த வெள்ளையணுக்களோடு, முன்பு கண்ட நோய்களைப் பற்றி அவை வைத்திருந்த நினைவையும் அழித்துவிட்டுப் போகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை மணல்வாரிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பிற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போனதைக் காட்டியது. "மணல்வாரி வந்துபோனதிலிருந்து பிள்ளைக்கு உடம்பே தேறவில்லை, மாதம் ஒரு காய்ச்சல்" என்று தாய்மார் காலங்காலமாகச் சொல்லிவந்ததை நாங்கள் சத்துக்குறைவு என்று மட்டுமே கணக்கெழுதிக்கொண்டிருந்தோம். அவர்கள் சொன்னதில் இவ்வளவு இருந்திருக்கிறது. ஆகவே வரும் மாதங்களில் உங்கள் மகனுக்கு வயிற்றுப்போக்கோ இருமலோ வந்தால், வழக்கமாகப் பொறுத்துப்பார்க்கும் இரண்டு நாளைப் பொறுக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அண்மையில் மணல்வாரி வந்து போனது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கடைசியாக, சொல்லத் தயங்கி நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த செய்தி: புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் அங்கன்வாடிக்குப் போயிருக்கிறான். அம்மை வந்த வீடு என்று பேசுவார்களே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அங்கே அவனோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வர வேண்டுமானால் அடுத்த வாரம்தான் காய்ச்சல் தொடங்கும், இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரிடமும் உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் நாளைக்கே சொல்லுங்கள். செவிலியர் வந்து, எந்தெந்தப் பிள்ளைக்கு எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்று அட்டைகளைப் பார்ப்பார். காய்ச்சலும் தடிப்பும் கண்டவர்களின் இரத்த மாதிரியை எடுத்து உறுதிசெய்ய அனுப்ப ஏற்பாடு செய்வார். மகனுக்கு மாதிரி எடுக்கவில்லையென்றால், தடிப்பு கண்ட நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் வரை எடுக்கலாம். அவர் வரும்போது உங்கள் இரு பிள்ளைகளின் அட்டைகளையும் எடுத்துக் கையருகே வைத்திருங்கள்.